தொட்டிலருகே கேட்கப்படும் கேள்விகள்

சென்ற மாதம் உறவினர் வீடொன்றுக்குக் குழந்தை பார்க்கச் சென்றிருந்தோம். மேலுதடு பிளந்து பிறந்த ஆண் குழந்தை. தொட்டிலைச் சுற்றி அமர்ந்திருந்த பெரியவர்கள் குழந்தையைவிட அதன் தாயைத்தான் உற்றுப் பார்த்தார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாயா, கத்தி எடுத்துக் காய் நறுக்கினாயா என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். அந்த இளம்பெண் பதில் பேசாமல் முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டாள்.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்தால்தான் கிரகணம் என்று மக்கள் பேசிக்கொண்டபோது, எவருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்திலும் ஒரு தந்தை அளித்த விளக்கம் அது. அதை ஜும்ஆ மேடைகளில் கேட்டு வளர்ந்த நம் வீடுகளிலேயே கிரகணம் இன்னும் குற்றப்பத்திரிகையாக வாசிக்கப்படுகிறது!

உண்மையில் நடப்பது வேறு. கருவின் முகம் இரு பக்கங்களிலிருந்தும் வளர்ந்து நடுவில் இணைகிறது. கர்ப்பத்தின் 4 முதல் 7 வாரங்களுக்குள் மேலுதடு உருவாகிவிடும். அந்த இணைப்பு முழுமை பெறாவிட்டால் பிளவு உண்டாகிறது. மரபணுக்கள், தாய்க்கு முன்பே இருந்த சர்க்கரை நோய், புகைப்பழக்கம், வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் ஆகியவை இதற்கான வாய்ப்பைக் கூட்டலாம். பல குழந்தைகளுக்குக் காரணம் இன்னதென்று மருத்துவராலும் சொல்ல இயலாது. ஆனால் உதட்டுப் பிளவை முதல் வயதுக்குள் அறுவை சிகிச்சையால் சரிசெய்துவிடலாம்.

பிறவிக் குறைகள் பலவகை. இதயத்தில் துவாரம், வளைந்த பாதம், மூடாத முதுகுத்தண்டு போன்றவை உடலமைப்பைச் சார்ந்தவை. தலசீமியாவும் பிறவித் தைராய்டு குறைபாடும் பிறந்தவுடன் கண்ணுக்குத் தெரியாதவை. குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது டவுன் சிண்ட்ரோம். இவற்றுள் சிலவற்றையேனும் தடுக்க முடியும். ஆனால் அதற்கான காலம் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முதுகுத்தண்டாகவும் மூளையாகவும் மாறவேண்டிய நரம்புக் குழாய் கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போது தெரியாது. எனவேதான் ஒரு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ரூபெல்லா தடுப்பூசியும் அப்படித்தான். கருவுற்ற பின் அதைப் போட முடியாது. 2017இல் தமிழகத்தில் அந்தத் தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகளுக்குப் பயந்து பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோரும் நம்மிடையே இருந்தார்கள்.

சொல்லத் தயங்கும் மற்றொன்று, சொந்தத்தில் செய்யும் திருமணம். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது, கட்டாயமாக்கப்பட்டதன்று. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. நூற்றுக்குச் சுமார் 3 ஆக இருக்கும் பிறவிக் குறை வாய்ப்பு, முதல்நிலை உறவில் மணந்தோரின் குழந்தைகளுக்குச் சுமார் 6 ஆகிறது என்றது அது. மீதிக் குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதால் பீதி தேவையில்லை. எனினும் தலைமுறை தலைமுறையாக அதே குடும்பத்துக்குள் மணமுடிப்போர் யோசிக்க வேண்டும்.

தலசீமியா மரபணுவைச் சுமக்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மரபணு தாயிடமிருந்தும் வருகிறது, தந்தையிடமிருந்தும் வருகிறது. ஏச்சு மட்டும் ஏன் ஒருத்திக்கு? சவூதி அரேபியாவில் 2004 முதல் நிகாஹுக்கு முன் இதற்கான இரத்தப் பரிசோதனை கட்டாயம். ஈரான் 1997இலேயே தொடங்கிவிட்டது. நம் ஜமாஅத்துகளின் நிகாஹ் பதிவேட்டில் மஹர் தொகையும் சாட்சிகளின் பெயரும் இருக்கின்றன. பரிசோதனை செய்தீர்களா என்ற கேள்வி இல்லை.

பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்பார்கள். மரபணுவைச் சுமப்பவர் நோயாளி அல்லர். அதைச் சுமக்காத ஒருவரை மணந்தால் பிள்ளைகளுக்குத் தலசீமியா நோய் வருவதில்லை. மேலும், மாப்பிள்ளைக்கும் சேர்த்தே பரிசோதனை செய்யச் சொல்கிறோம். முடிவு அவ்விரு குடும்பங்களோடு நிற்கட்டும். ஜமாஅத் அலுவலகத்துக்குப் பரிசோதனை நடந்தது என்ற தகவல் மட்டும் போதும்.