பழங்கத்தியின் பிறந்த மண்

ஆயுத பூஜைக்காகப் பரம்பரைப் பெட்டியைத் திறக்கும்போது பழைய கத்தி ஒன்று வெளிப்படுவது சில இல்லங்களில் உண்டு. அது எந்நாட்டுக் கத்தி என்று அறிய விரும்புவோர் முதலில் அலகை நோக்குவர். அலகு பாதி விடையே தரும். பிடியும் உறையும் அதனை அணிந்த முறையுமே மீதியைச் சொல்லும். காவிரி தோன்றும் குடகு நாட்டுக் கத்திகள் இதற்கு நல்ல சான்றாகும்.

குடகர் அணியும் கத்திகள் இருவகையின. ஒன்று பீச்சேகத்தி. கரிய நீளங்கியின்மேல் கட்டிய சிவந்த பட்டுக் கச்சையில் முன்புறம் செருகப்படுவது. வெள்ளி வேலைப்பாடும், உறையில் தொங்கும் வெள்ளிச் சங்கிலியும் இதன் சிறப்பு. பிடியின் முனை பெரும்பாலும் கிளித்தலையை ஒத்திருக்கும். மற்றொன்று ஒடிக்கத்தி. அகன்று கனத்து முன்னோக்கி வளைந்த அலகுடையது. கூர்மை உள்வளைவில் அமைந்தது. இதற்கு உறை இல்லை. முதுகுப்புறம், இடைவாரில் பொருத்திய 'தொடங்கு' என்னும் பித்தளைக் கொளுவியில் மாட்டப்படும்.

வளைந்த அலகைக் கண்டதும் நேபாளத்துக் குக்ரி என எண்ணுவோர் உளர். குக்ரியின் கூர்விளிம்பில், பிடியை அடுத்துச் சிறு வெட்டுக்குறி இருக்கும். அதன் உறையில் இரு சிறு கத்திகளும் செருகப்பட்டிருக்கும். இவை ஒடிக்கத்தியில் இல்லை. எனினும் மலபாரிலும் இதனை ஒத்த ஆயுதக்கத்தி வழங்கியது. ஆதலின் அலகை மட்டும் கொண்டு குடகு என்று துணிதல் கூடாது. உடனுள்ள கொளுவியையும், அது வழிவழி வந்த குடும்பத்தின் வரலாற்றையும் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

குடகில் இக்கத்திகள் வெறும் போர்க்கருவிகள் அல்ல. நாற்று நடவு முடிந்தபின், செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், கைல்போல்து என்னும் ஆயுதத் திருவிழா நிகழும். அன்று குடும்ப ஆயுதங்களை விளக்கின்முன் வைத்து, சந்தனமும் மலரும் சாத்தி வழிபடுவர். அங்கு 'தோக்குப்பூ' எனப்படும் அம்மலர், முருகப்பெருமானுக்கு உகந்ததாகத் தமிழர் போற்றும் செங்காந்தளே!

இத்தகைய கத்தியைப் பளபளப்பாக்கும் ஆவலில் அரத்தால் தேய்த்தால் அலகின் பழைய வேலைப்பாடு அழியும். வெள்ளிச் சங்கிலியைத் தனியே எடைக்கு விற்றால் ஊரைக் காட்டும் சான்று பிரியும். உறை, சங்கிலி, கொளுவி அனைத்தையும் ஒன்றாகவே பேணுதல் நன்று. யாருடைய கத்தி, எவ்வழியாக வந்தது என்பதை அறிந்த மூத்தோர் ஒரு தாளில் எழுதி அதனுடன் வைத்தால், பின்வரும் பேரப்பிள்ளைகள் எவர் நினைவுக்குப் பொட்டிட்டு வணங்குகிறோம் என்பதை அறிவர்.