விளம்பரமும் எம்மவர் பணமும்

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ஒக்லாந்து வரும் எம் உறவினர், அந்நாட்டுக் கடவுச்சீட்டு உடையோராயினும், 2019 முதல் மின்னணுப் பயண அனுமதி பெற்றே புறப்பட வேண்டியுள்ளது. அதனைக் கூகுளில் தேடுவோர் கண்ணில் பலவேளை முதலிற் படுவது இடைத்தரகரின் விளம்பரமே. அதே அனுமதிக்கு அவர்கள் மிகையாகப் பணம் அறவிடுகின்றனர். தளத்தின் பெயர் ‘கவ்ட் டொட் என்செட்’ என முடிகின்றதா எனப் பார்த்த பின்னரே அட்டை இலக்கத்தைக் கொடுத்தல் வேண்டும்.

2022 டிசெம்பரில் அமெரிக்க எப்.பி.ஐ. நிறுவனமே, இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பியைப் பயன்படுத்துமாறு பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. பலரும் நம்பியிருந்த ‘யூபுளொக் ஒரிஜின்’, கூகுள் தன் விதிகளை மாற்றியமையால் 2025இல் குரோமில் இயங்காது போயிற்று. விளம்பரத்தால் வாழும் நிறுவனம் வேறென்ன செய்யும்? பயர்பொக்சில் அது இன்றும் இலவசமாக இயங்குகின்றது. அன்ட்ரொய்ட் கைபேசியிலும் நிறுவலாம். ஆங்கிலம் வாசிக்கத் தயங்கும் பெற்றோருக்குப் பிள்ளைகள் இதனைச் செய்து கொடுப்பார்களாக. விளம்பர வருவாயை நம்பியிருக்கும் எம்போன்ற பத்திரிகைகளுக்கு இது கசப்பான யோசனைதான். ஆயினும் வாசகரின் பணம் பறிபோவதை நாம் பார்த்திருத்தல் தகாது.

குறுஞ்செய்தியாக வரும் மோசடிகளை இத்தடுப்பி மறிக்காது. அவற்றை 7726 என்னும் இலக்கத்துக்கு இலவசமாக அனுப்பி முறையிடலாம்.