புளியங்கொட்டையும் டேப்லெட்டும்

குறுவை அறுப்பு முடிஞ்சு, தாளடிக்கு நாத்தங்காலும் விட்டாச்சு. கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. நெல்லு, மாடு, மழைன்னு படிக்க வந்தவங்க மன்னிக்கணும். இந்தத் தடவை பள்ளிக்கூடம் பத்தி எழுதப் போறேன். ஆனா நெல்லும் நடுவுல வரும், வராம இருக்காது.

போன வாரம் சென்னையில இருக்கிற எங்க அண்ணன் மகன் போன் பண்ணினான். ஊரை விட்டு வெளியே போன பசங்க எல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப் வச்சிருக்காங்க. அதுல ரெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல பணம் சேர்ந்திருக்காம். "சித்தப்பா, நம்ம ஊரு ஸ்கூல்ல மொத்தம் 27 பிள்ளைங்கதான? ஆளுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்துடலாம். நல்ல ஆன்லைன் கோர்ஸ் இருக்கு, அனிமேஷனோட சூப்பரா சொல்லித் தர்றாங்க. ரெண்டு டீச்சர் அஞ்சு வகுப்பை எப்படிப் பார்ப்பாங்க? ஸ்கூல் கமிட்டியில நீங்கதான் சொல்லணும்"னான்.

பணம் சேர்த்த எல்லாருக்கும் நல்ல மனசு. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அவன் கேட்ட கேள்வியும் நியாயமான கேள்வி. ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு. ஒருத்தர் லீவு போட்டா மிச்சம் ஒருத்தர்தான். அவங்க ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மத்த வகுப்பு சும்மாதான் உக்காந்திருக்கும். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி"ன்னு வச்சுட்டேன். யோசிச்சதைத்தான் இங்க எழுதுறேன். இதைப் படிக்கிறதுல பாதிப் பேரு அவனை மாதிரிதான், சொந்த ஊருக்கு ஏதாவது செய்யணும்னு நினைக்கிறவங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் ஆன்லைனுக்கு எதிரி இல்ல. மோட்டார் ஸ்டார்ட்டர்ல ரிலே போனா மாத்துறதுக்கு நான் யூடியூப்ல கத்துக்கிட்டவன். முன்னெல்லாம் மெக்கானிக் வர்றதுக்கு ரெண்டு நாள் காத்துக் கிடப்போம். விதை நேர்த்தி, தென்னையில சுருள் வெள்ளை ஈ, எல்லாம் போன்ல பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதுதான். என் பொண்ணு கும்பகோணத்துல காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்குது. ஐ.ஐ.டி.க்காரங்க நடத்துற என்.பி.டி.இ.எல். பாடத்தை ராத்திரி உக்காந்து பார்க்குது. பார்க்கிறதுக்குக் காசு கிடையாது, பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வேணும்னாதான் கட்டணம். நான் படிச்ச காலத்துல ஐ.ஐ.டி. வாத்தியார் பேசுறதைக் கேட்கணும்னா அந்த கேட்டைத் தாண்டணும். இன்னைக்கு எங்க வீட்டுத் திண்ணையில கேட்குது. இதை யாராவது குறைச்சுப் பேசினா நானே சண்டைக்குப் போவேன்.

தூரத்துல இருந்து பாடம் கேட்கிறது எங்க பக்கத்துக்குப் புதுசும் இல்ல. 1960-கள்ல ஆடுதுறை 27-ன்னு ஒரு நெல் ரகம் வந்துச்சு. தஞ்சாவூர் பக்கம் அதுக்கு 'ரேடியோ நெல்'னே பேரு. வானொலியில கேட்டுத்தான் ஜனங்க அதைப் போட்டாங்க. எங்க தாத்தா அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.

ஆனா ஒண்ணு பாருங்க. தாத்தாவுக்கு நெல் ஏற்கெனவே தெரியும். அந்த ரகம்தான் தெரியாது. ரேடியோ அந்த ஒரு விஷயத்தைச் சொல்லுச்சு, மிச்சத்தை அவரே பார்த்துக்கிட்டாரு. நான் ஸ்டார்ட்டர் கத்துக்கிட்டதும் அப்படித்தான். தண்ணி பாயாம பயிர் காயுது, என்ன கேட்கணும்னு எனக்குத் தெரியும், கேட்டேன், கிடைச்சுது. என் பொண்ணும் பன்னெண்டு வருஷம் வகுப்புல உக்காந்துட்டு வந்துதான் அந்த வீடியோவைப் பார்க்குது. ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தனக்கு எது தெரியலைங்கிறதே தெரியாதே, அது என்னத்தைக் கேட்கும்?

இங்க நெல் கதை ஒண்ணு சொல்லணும்.

சில வருஷத்துக்கு முன்னாடி சம்பாவுல எங்க வயல் ஒரு பக்கமா வெளுத்துச்சு. வரப்புல நின்னு போட்டோ எடுத்து, ஆலோசனை சொல்ற ஒரு வாட்ஸப் நம்பருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்துல பதில் வந்துச்சு. சத்துக் குறைபாடு மாதிரி தெரியுது, யூரியா போடுங்கன்னு. அரை மூட்டை தெளிச்சேன். நாலு நாள் கழிச்சு எங்க பெரியப்பா அந்தப் பக்கம் வந்தாரு. செருப்பைக் கழட்டிட்டு உள்ள இறங்கி, குனிஞ்சு பயிரை ரெண்டு கையால விலக்கி, தூரைத் தட்டினாரு. தண்ணி மேல பழுப்பு நிறத்துல பூச்சி பொலபொலன்னு விழுந்துச்சு. புகையான். அது தூர்லதான் உக்காந்து சாறு உறிஞ்சும், மேல இருந்து பார்த்தா தெரியவே தெரியாது. யூரியா போட்டா அதுக்கு விருந்து வச்ச மாதிரி. தண்ணியை வடிச்சு, பட்டம் பிரிச்சு விட்டு மிச்சத்தைக் காப்பாத்தினோம். ஒரு மா நிலம் வட்ட வட்டமா எரிஞ்ச மாதிரி காய்ஞ்சு போச்சு. மூணு மா சேர்ந்தா ஒரு ஏக்கர், டவுன்காரங்களுக்காகச் சொல்றேன்.

பதில் சொன்னவரைக் குத்தம் சொல்ல முடியாது. நான் காட்டினதைத்தான் அவர் பார்த்தாரு.

இதே புகையான்தான் இந்தோனேசியாவுல பெரிய பாடம் சொல்லிக் கொடுத்துச்சு. மருந்து அடிக்க அடிக்க அதைத் தின்னுற நல்ல பூச்சியெல்லாம் செத்துப்போய், புகையான் பெருகிடுச்சு. 1986-ல அந்த அரசாங்கம் நெல்லுக்கு 57 பூச்சிமருந்தைத் தடை பண்ணுச்சு. 1989-ல ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு அங்க உழவர் வயல்வெளிப் பள்ளின்னு ஒண்ணை ஆரம்பிச்சுது. வாரா வாரம் விவசாயிங்க ஒரே வயல்ல இறங்கி, தூரைப் பிரிச்சு, பூச்சியை எண்ணி, சார்ட்டுல படம் வரைஞ்சு, தங்களுக்குள்ள பேசி முடிவெடுப்பாங்க. இங்கயும் அதே மாதிரி பண்ணைப் பள்ளி வேளாண்மைத் துறை மூலமா நடக்குது, நானும் ஒரு போகம் போயிருக்கேன். வளர்ந்த மனுஷனுக்கே, அதுவும் பயிர்த்தொழில் தெரிஞ்சவனுக்கே, நேர்ல இறங்கிப் பார்க்கிற பள்ளிக்கூடம் வேண்டியிருக்கு.

சரி, 2020-க்கு வர்றேன். டேப்லெட்டைப் பத்திப் பேசணும்னா அந்த ஒன்றரை வருஷத்தைப் பேசாம முடியாது.

மார்ச்சுல பள்ளிக்கூடம் மூடினாங்க. என் பையன் அப்ப ரெண்டாம் வகுப்பு முடிக்கிற நேரம். ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. நாலாம் வகுப்புலதான் அவன் திரும்பப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தான். நடுவுல கல்வித் தொலைக்காட்சி இருந்துச்சு, வாட்ஸப்புல வீட்டுப்பாடம் வந்துச்சு. டீச்சருங்க அவங்களால ஆனதைச் செஞ்சாங்க. எங்க வீட்டுல டச் போன் ஒண்ணே ஒண்ணு, அதுவும் என் சட்டைப் பையில. நான் வயலுக்குப் போனா பாடமும் என்கூட வயலுக்கு வந்துடும்.

போன் விஷயத்தைக்கூட விடுங்க, இன்னைக்கு வீட்டுக்கு ரெண்டு மூணு இருக்கு. வீட்டுல இருக்கிற பிள்ளை எப்பவும் கூப்பிடுற தூரத்துல இருக்கிற பிள்ளை, அதுதான் பெரிய சங்கதி. "டேய், மாட்டை நிழல்ல மாத்திக் கட்டு." "பாப்பா, உலை கொதிக்குது பாரு." நாங்க கெட்டவங்க இல்ல. ஆளு இருக்கும்போது வேலை சொல்றது எங்களுக்குப் பழக்கம். உங்க அபார்ட்மென்ட்ல தனி ரூம் இருக்கு, கதவைச் சாத்திக்கலாம். எங்க வீட்டுல சாத்துற கதவு வாசக்கதவு மட்டும்தான். ஒம்பதரை மணியில இருந்து நாலு மணி வரைக்கும் "அவன் பள்ளிக்கூடம் போயிருக்கான்"னு ஒரு வார்த்தை இருக்கே, அந்த வார்த்தைதான் எங்க பிள்ளைங்களோட தனி ரூம்.

அந்த வருஷம் ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறந்தாங்க. பல வருஷத்துக்கு அப்புறம் குறிச்ச நாள்ல தண்ணி. டெல்டா முழுக்கக் குறுவை. எல்லாரும் ஒரே நேரத்துல நடவு ஆரம்பிச்சா ஆளுக்கு எங்க போறது? எங்க வயலுக்கு வழக்கமா நடவுக்கு வர்ற அக்கா ஒருத்தங்க, ஒரு நாள் தன்னோட பொண்ணையும் கூட்டிக்கிட்டு வந்தாங்க. எட்டாவது போக வேண்டிய பொண்ணு. "வீட்டுல சும்மாதான கிடக்குது"ன்னாங்க. நாத்து முடி எடுத்துப் போட்டுச்சு. சாயங்காலம் அதுக்கும் கூலி கொடுத்தேன். பள்ளிக்கூடம் நடக்கிற நாளா இருந்தா அந்த அம்மா கூட்டிட்டு வந்திருக்க மாட்டாங்க, வந்தாலும் நான் "ஏம்மா, ஸ்கூல் இல்லையா"ன்னு கேட்டிருப்பேன். அன்னைக்குக் கேட்கிறதுக்கு என்கிட்ட கேள்வியே இல்ல. அந்தப் பணத்தைக் கொடுத்த கை என்னோடது, இதை எழுதாம இந்தப் பதிவை எழுத எனக்கு மனசு வரலை.

2021 செப்டம்பர்ல ஒன்பதாம் வகுப்பு திறந்தப்ப அந்தப் பொண்ணு திரும்பலை. திருப்பூர் பக்கம் சொந்தக்காரங்களோட வேலைக்குப் போயிடுச்சுன்னு அவங்கம்மா சொன்னாங்க. டீச்சர் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தாங்க. நானும் போனேன். கைக்குக் காசு வர ஆரம்பிச்சுட்டா வீட்டுக் கணக்கே மாறிடும்.

என் பையன் கதை அவ்வளவு மோசம் இல்ல. நவம்பர்ல பள்ளிக்கூடம் போன முதல் மாசம் டீச்சர் என்னைக் கூப்பிட்டாங்க. "42-ல 17 போனா எவ்வளவுன்னு கேட்டா 35-ங்கிறான் சார்." வீட்டுல அவன் கழித்தல் வீடியோவை மூணு தடவை பார்த்திருக்கான். அதுல வர்ற பாட்டை மனப்பாடமாப் பாடுவான். 'கடன் வாங்கிக் கழித்தல்'ங்கிற வார்த்தையும் தெரியும். ஆனா சிலேட்டுல போடும்போது ரெண்டுல இருந்து ஏழு போகாதுன்னு, ஏழுல இருந்து ரெண்டைக் கழிச்சு அஞ்சுன்னு எழுதிட்டு, நாலுல ஒண்ணு போனா மூணுன்னு எழுதியிருக்கான். அவன் தப்புக்குள்ள ஒரு ஒழுங்கு இருக்கு, அதை அந்த டீச்சர் அவன் தோளுக்குப் பின்னாடி நின்னு பார்த்துத்தான் கண்டுபிடிச்சாங்க. புளியங்கொட்டையைப் பத்துப் பத்தா துணியில முடிஞ்சு கொடுத்து, "இப்ப 17 கொடு"ன்னாங்க. உதிரியா ரெண்டுதான் இருக்கு, ஏழு கொடுக்கணும். அப்புறம் அவனே ஒரு முடிச்சை அவிழ்த்தான். மூணு நாள்ல சரியாப் போச்சு. இப்ப எட்டாவது படிக்கிறான், கணக்குல எனக்கே சொல்லித் தர்றான்.

எங்க பெரியப்பா பயிரை விலக்கித் தூரைப் பார்த்த மாதிரிதான் அந்த டீச்சர் சிலேட்டைப் பார்த்தாங்க.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்ல. அண்ணன் மகனே ஒரு தடவை ஒரு ஆய்வை அனுப்பி வச்சான். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல கிட்டத்தட்ட 19,000 பிள்ளைங்களைச் சோதிச்சு எழுதினது. பள்ளிக்கூடம் மூடினதுல பெரிய பள்ளம் விழுந்திருக்கு, தமிழைவிடக் கணக்குல பள்ளம் ஆழம். திறந்த ஆறு மாசத்துல அதுல மூணுல ரெண்டு பங்கு தூர்ந்திருக்கு. அப்படித் தூர்ந்ததுல ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு, 'இல்லம் தேடிக் கல்வி'யால. தெருவுல படிச்ச பொண்ணு ஒருத்தி சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் இருபது பிள்ளைங்களை வச்சுக்கிட்டு உக்காருவா, மாசம் ஆயிரம் ரூபாய் கொடுப்பாங்களே, அதுதான். அண்ணன் மகன் அந்த ஆய்வைப் படிச்சுட்டுத்தான் அனுப்பினானான்னு எனக்கு இப்பவும் சந்தேகம்.

அதனால கமிட்டியில நான் சொல்லப் போறது இதுதான். 27 டேப்லெட் வேண்டாம். ஸ்மார்ட் போர்டு பள்ளிக்கூடத்துல ஏற்கெனவே இருக்கு, டீச்சர் தேவைப்பட்டபோது போட்டுக் காட்டுறாங்க, அது போதும். இந்த ஊர்ல பி.எஸ்சி. முடிச்சுட்டு வீட்டுல இருக்கிற பொண்ணுங்க ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்திக்கு மாசம் 5,000 ரூபாய் கொடுத்தா வருஷத்துக்கு 60,000. சேர்ந்த பணத்துல மூணு வருஷம் ஓட்டலாம். பகல்ல ஒரு வகுப்பு சும்மா உக்காந்திருக்காது. தலைமை ஆசிரியர் அனுமதி வாங்கணும், அதை நான் பேசிக்கிறேன். மிச்சம் இருக்கிற பணத்துல ரெண்டு டேப்லெட் வாங்கி ஊர்ப்புற நூலகத்துல வைங்க. பதினொண்ணு, பன்னெண்டு படிக்கிற பசங்க எட்டு பேரு இருக்காங்க. அவங்களுக்குக் கேள்வி இருக்கு, அவங்க பிழிஞ்சு எடுத்துடுவாங்க.

இதை அண்ணன் மகன்கிட்ட நேத்து ராத்திரி சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "டேப்லெட்னா போட்டோ எடுத்துக் குரூப்ல போடலாம் சித்தப்பா, டீச்சருக்குச் சம்பளம்னா ஜனங்க பணம் கொடுக்க யோசிப்பாங்க"ன்னான். உண்மையைத்தான் சொன்னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இதைப் படிக்கிற அந்தக் குரூப்காரங்கதான் சொல்லணும்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். வீடியோ கால்ல வந்து பேசுறேன்னான். நேர்ல வாடா, பசங்களோட உக்காந்து ஒரு கழித்தல் கணக்கு போட்டுப் பார்த்துட்டு அப்புறம் பேசுன்னேன். உழவன் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் இருக்கான்னு பார்க்கிறானாம்.