முன்னாடி உருண்டை எங்கே?

முப்பத்தைந்து வயதில் ஆண்பிள்ளைக்குச் சர்க்கரை வரலாம், ஷேர் மார்க்கெட் ஆசை வரலாம். எனக்கு வந்தது ஜீப்.

'ஜீப்' என்று பொதுவாகத்தான் சொல்கிறேன். நாலு சக்கரமும் இழுக்கிற, மலை ஏறுகிற, ஆறு இறங்குகிற, ஆனால் முக்கால்வாசி நாள் காய்கறிக் கடை வாசலில் நிற்கிற சாதி வண்டிகள் எல்லாமே எங்கள் வீட்டில் ஜீப்தான். புதுசு வாங்க வசதியில்லை. ஆகவே பழசு. கையிருப்பு, சீட்டு எடுத்த பணம் நாலரை லட்சம்.

"அது மாமாவுக்கு மாடில ரூம் கட்டறதுக்குப் போட்ட சீட்டுங்க" என்றாள் மனைவி. வாஸ்தவம். அப்பா மூன்று வருஷமாக ஹாலில்தான் படுக்கிறார்.

"சரி, வருஷத்துக்கு எத்தனை நாள் மலையேறப் போறீங்க?"

பி.காம். படித்தவனிடம் இப்படிக் கேட்கக் கூடாது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். லீவு கிடைக்கிற லட்சணத்தில் ஆறு நாள். இன்ஷூரன்ஸ், டயர், பெட்ரோல், தேய்மானம் எல்லாம் போட்டுப் பார்த்ததில், வாடகை வண்டி எடுப்பதுதான் லாபம் என்று ஸ்பஷ்டமாகத் தெரிந்தது. உடனே நோட்டை மூடிவிட்டேன்.

இதையெல்லாம் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "முட்டி வலிக்காரனுக்கு மாடில ரூமா? எவன்டா பிளான் போட்டது?" என்றார். அப்புறம், "அந்தப் பணத்துல என் பேரு இருக்குதுன்னா, வண்டி பார்க்க நானும் வர்றேன்."

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். என் அப்பா அரசாங்கத்தில் ஜீப் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். 31 வருஷம். வீட்டில் ஜீப் டிரைவரை வைத்துக்கொண்டு இரண்டு மாதமாக நான் ஆலோசனை கேட்டது யாரிடம் தெரியுமா? ஆபீஸில் பக்கத்து சீட் நண்பனிடம். அவனுடைய தகுதி, செல்போனில் ஜீப் வீடியோ பார்ப்பது.

முதல் வண்டியைக் காட்டியதும் அவன்தான். கோவைக்கு வெளியே ஒரு புரோக்கர் ஷெட். 2012 மாடல் தார். மிலிட்டரிப் பச்சை, யானைக்கால் டயர், தலையில் ஆறு விளக்கு, பக்கவாட்டில் பெரிசாக '4x4' ஸ்டிக்கர். பார்த்ததுமே நான் காக்கி டவுசர் போட்டுக்கொண்டு காட்டில் நிற்பது மாதிரி ஒரு காட்சி மனதில் ஓடியது.

அப்பா பானெட் மேல் கையை வைத்தார், குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி.

"காலைல வண்டி எங்கியாவது போயிட்டு வந்துச்சுங்களா?"

"இல்லீங்க பெரியவரே, இன்னிக்கு ஸ்டார்ட்டே பண்ணலீங்க."

"அப்புறம் ஏன் காய்ச்சல் அடிக்குது?"

புரோக்கர் வானத்தைப் பார்த்தார். வெயிலைக் குற்றம் சொல்லலாமென்றால் வண்டி நிழலில் நிற்கிறது. பழைய வண்டியின் சங்கதி எல்லாம் காலையில் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் தெரியுமாம். எத்தனை தடவை இருமுகிறது, எந்தக் கலரில் புகை விடுகிறது, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது. அதை மறைக்கத்தான் நாம் போவதற்கு முன்னாலேயே சூடு பண்ணி வைக்கிறார்கள். ஆகவே, சொல்லாமல் கொள்ளாமல் அதிகாலையில் போங்கள்.

அடுத்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். மேல் பாதி புத்தம் புதுசு. உள்ளே சுருண்டிருந்த பாதியில் செம்மண் கோடு. சீட்டு வரைக்கும் தண்ணீர் ஏறிய வண்டி. சீட் கவர் மாற்றலாம், பெயிண்ட் அடிக்கலாம், பெல்ட்டின் அடிவயிற்றை யாரும் கழுவுவதில்லை.

அப்புறம் ஒரு சாக்கைக் கேட்டு வாங்கி, தரையில் விரித்து, அடியில் படுத்துவிட்டார். முட்டி வலி என்று ஒருவர் சொன்னதாக ஞாபகம். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"முன்னாடி உருண்டை எங்கே?"

"எலுமிச்சம்பழமுங்களா? வாடிப் போச்சுன்னு நேத்துத்தானுங்க எடுத்தோம்" என்றார் புரோக்கர்.

அப்பா கேட்டது வேறு. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் பின் அச்சின் நடுவில் பானை மாதிரி ஓர் உருண்டை இருக்கும். டிபரன்ஷியல். இன்ஜின் சக்தி அங்கே வந்துதான் சக்கரங்களுக்குப் பிரியும். நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமானால் இந்த ஜாதி வண்டியில் முன் அச்சிலும் அதே மாதிரி ஓர் உருண்டை வேண்டும். அதற்கு ஒரு தண்டு போக வேண்டும். உள்ளே கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் இருக்க வேண்டும். இந்த வண்டியில் உருண்டையும் இல்லை, தண்டும் இல்லை, லீவரும் இல்லை. அந்த மாடலைக் கம்பெனி அப்போது இரண்டு விதமாகவும் விற்றது. இது பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. கம்பெனி ஒழுங்காகத்தான் சொல்லி விற்றிருக்கிறது. ஸ்டிக்கர்தான் பிற்பாடு பிறந்தது.

ஆக, அது பேருக்கேற்றபடி தார் ரோட்டில் மட்டும் ஓடுகிற தார்!

நண்பன் செல்போனை எடுத்துக்கொண்டு, ஏதோ போன் வந்த மாதிரி ஷெட்டுக்கு வெளியே போனான்.

"கலரும் ஆகாது" என்றார் அப்பா, சட்டையைத் தட்டிக்கொண்டே. நிஜம்தான். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி, ஆலிவ் பச்சையை ராணுவ வண்டிகளைத் தவிர வேறு எவரும் அடிக்கக் கூடாது என்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் கலர் சிவப்பு. யானைக்கால் டயரும் அப்படியே. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றி ஆர்.சி.க்குப் பொருந்தாமல் வண்டி வைத்திருக்கக் கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. செலவு பண்ணி அலங்காரம் செய்தவர் வேறொருவர், செக்போஸ்டில் கைகட்டி நிற்கப் போவது நாம்.

இரண்டாவதாகப் பார்த்தது ஜிப்ஸி. 1985-ல் வந்து 2019 வரை விற்ற வண்டி. சின்ன உடம்பு, பெட்ரோல் இன்ஜின், ராணுவத்துக்கும் போலீசுக்கும் செல்லப்பிள்ளை. நான் பார்த்த வண்டிக்கு TN 65 நம்பர். ராமநாதபுரம்.

"கடல் காத்துக் குடிச்ச வண்டி" என்றார் அப்பா. பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியல் வெளியே வந்தது. (வீட்டில் ஆணி அடிக்க ஒரு வாரமாக நான் தேடிய சுத்தியல்!) இந்த வண்டிகளுக்கு அடியில் ஏணி மாதிரி இரும்புச் சட்டம் இருக்கும். அதன் மேல்தான் இன்ஜின், பாடி எல்லாமே உட்கார்ந்திருக்கிறது. அதில் கறுப்புப் பெயிண்ட் கெட்டியாக, புத்தம் புதுசாகப் பூசியிருந்தார்கள். அப்பா தட்டிக்கொண்டே போனார்.

டங். டங். டங். பொத்.

"பெயிண்ட் மட்டும்தான் இருக்குது. இரும்பு போயிடுச்சு. வா போலாம்."

வீடு திரும்பும்போது எனக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. "மாமா ரூமே கட்டிடலாம்" என்றாள் மனைவி, சந்தர்ப்பம் பார்த்து. நானும் தலையாட்டிவிட்டேன். அப்பாதான் விடவில்லை. பழைய சிநேகிதர்களுக்கெல்லாம் போன் போட்டார். ரிட்டயர் ஆனபின் அவர் இத்தனை போன் பேசி நான் பார்த்ததில்லை. நாலாவது நாள் சொன்னார்: "கோத்தகிரில ஒரு வாத்தியார்கிட்ட வண்டி இருக்குதாம். காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பறோம்."

அங்கே நின்றது 2010 மாடல் ஜிப்ஸி. வெள்ளை. வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இடது கதவில் ஒரு சொட்டை. தேயிலைத் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஓடிய வண்டி. ஏ.சி. கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது. எனக்குப் பிடிக்கவே இல்லை.

ரிட்டயர்டு வாத்தியார் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். என்றைக்கு ஆயில் மாற்றினார், எந்தப் பட்டை ஒடிந்தது, லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் எப்போது ஒன்பது ஆனது என்று தேதிவாரியாக, சிவப்பு மையில் கோடு போட்டு. வரவு செலவு பார்க்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், அப்படி ஒரு பேரேடு எங்கள் ஆபீஸிலேயே கிடையாது. கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்தது.

அப்பா பானெட்டைத் தொட்டார். பச்சைத் தண்ணியாக ஜில்லென்று இருந்தது. சாக்கு விரித்தார். உருண்டை இரண்டும் இருந்தன. ஒரு நட்டைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு ஆயிலை எடுத்துப் பார்த்தார். ஆயில், பால் ஊற்றின காபி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, பல் சக்கரங்களுக்குச் சனி பிடித்தது என்று அர்த்தம். இது சுத்தமாக இருந்தது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் ஆட்டினார். ஆட்டம் இல்லை. நாலு டயரும் ஒரே அளவுதானா என்று பார்த்தார். நாலும் சேர்ந்து இழுக்கிற வண்டியில் ஒன்று பெரிசு, ஒன்று சிறுசு இருந்தால் உள்ளே சண்டை வந்துவிடுமாம். சுத்தியல் முழு நீளத்துக்கும் 'டங்'தான்.

"ஓட்டிப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டவர், எனக்குச் சாவியைக் கொடுக்காமல் தானே ஏறிவிட்டார்.

தோட்டத்துக்குள் மண் பாதை. முந்தின நாள் மழை. ஒரு மேட்டுக்கு முன்னால் நிறுத்திக் குட்டி லீவரைத் தள்ளினார். வண்டி உறுமாமல், அவசரப்படாமல், எறும்பு சுவர் ஏறுவது மாதிரி ஏறியது. மேலே போனதும் லீவரைப் பழையபடி மாற்றினார்.

"இதைத் தார் ரோட்டுல போட்றாத" என்றார். வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாது. டெபிட்டும் கிரெடிட்டும் டாலி ஆகாமல் உள்ளேயே முறுக்கிக்கொண்டு ஏதாவது உடையும். 31 வருஷம் ஜீப் ஓட்டியவர், எனக்கு முதல் முறையாகச் சொல்லிக் கொடுக்கிறார். நான் முதல் முறையாகக் கேட்கிறேன்.

"இந்த மாதிரி ரோட்டுல ஆபீசர் வீட்டு ஆளுங்களை எத்தனை தடவை கூட்டிட்டு வந்திருப்பேன், தெரியுமா? உங்கம்மா ஒரு தடவை கேட்டா, ஒரே ஒரு நாள் நம்மளையும் கூட்டிட்டுப் போங்கன்னு. கவர்மெண்ட் வண்டி கண்ணு. எப்படி முடியும்?"

ஸ்டியரிங்கைப் பார்த்தபடிதான் சொன்னார். என் ஜீப் பைத்தியம் வீடியோ பார்த்து வந்தது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஜீப் நின்றும் ஒரு நாள்கூட ஏறாத பையனுக்கு வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

விலை மூன்றே முக்கால் சொன்னார் வாத்தியார். மூன்று அறுபதுக்கு முடிந்தது. கையிலிருப்பதில் ஐந்தில் ஒரு பங்கை விற்கிறவர் கண்ணில் காட்டக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். நாலரை லட்சத்தில் ஐந்தில் ஒன்று தொண்ணூறாயிரம். டயர், பேட்டரி, பிரேக் என்று பழைய வண்டி முதல் வருஷம் வசூலிக்கும் வரி அது.

பேப்பர்களை நான் பார்த்தேன், அந்த மட்டும் என் டிபார்ட்மெண்ட். 15 வருஷம் முடிந்து 2025-ல் எஃப்.சி. எடுத்து 2030 வரை புதுப்பித்திருந்தார். பசுமை வரி ரசீது இருந்தது. சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். கடன் பாக்கி எதுவும் பதிவாகவில்லை. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கினவருக்கு 30 நாள் கெடு. வெளி மாநில வண்டி என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்காமல் பைசா கொடுக்காதீர்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம் சார்' என்று யாராவது சொன்னால், பணத்தையும் அப்புறம் பார்த்துக்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

கிளம்புகிற நேரம். "அப்பா, நீங்களே ஓட்டுங்க" என்று சாவியை நீட்டினேன்.

"வேண்டாம். முப்பத்தொரு வருஷம் வலது பக்கமே உக்காந்தாச்சு. இடது பக்கம் எப்படி இருக்கும்னு பாக்கறேன்."

ஜிப்ஸியின் படி உயரம். ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார்.

"ஏறுன கியர்லயே இறங்கு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராத."

"சரிங்க."

நாலு வளைவு தாண்டியதும் தொண்டையைக் கனைத்தார். "டிரைவர், அந்த டீக்கடைகிட்ட ஓரங்கட்டு."

"சரிங்க சார்" என்றேன்.

டீக்காசு மட்டும், ஆபீசர்கள் வழக்கப்படி, டிரைவர்தான் கொடுக்க வேண்டியிருந்தது.