சீட்டு கட்டி வீடு வாங்கிய தொழிலாளிகள்: முதலாளி இல்லாத வீட்டுக் கடனுக்கு என்ன ஆச்சு?

வீட்டுக் கடன்னு சொன்னாலே இன்று நினைவுக்கு வருவது சிபில் ஸ்கோர், சம்பளச் சீட்டு, இருபது வருஷ இஎம்ஐ. வங்கி கொடுக்கும், நாம் கட்டுவோம், லாபம் வங்கியின் பங்குதாரருக்குப் போகும். வேறு வழியே இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் பிரிட்டனில் உழைக்கும் குடும்பங்களுக்கு வீட்டுக் கடனைக் கொண்டுவந்தது வங்கிகள் அல்ல. மாதாமாதம் காசு போட்டு, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொண்ட சாதாரண ஆட்கள்தான்.

மதுக்கடையில் ஆரம்பித்த கதை

1775 வாக்கில் பர்மிங்காம் நகரில் ரிச்சர்ட் கெட்லி என்பவர் நடத்திய 'கோல்டன் கிராஸ்' மதுக்கடையில் முதல் 'பில்டிங் சொசைட்டி' உருவானது. ஏற்பாடு நமக்கு ரொம்பவே பழக்கமானது. உறுப்பினர்கள் மாதந்தோறும் ஒரு தொகை போட வேண்டும். ஒரு வீட்டுக்கான பணம் சேர்ந்ததும் ஒருவருக்குக் கிடைக்கும். யாருக்கு என்பதைப் பல சங்கங்களில் குலுக்கலோ ஏலமோ முடிவு செய்தது. வீடு கிடைத்தவரும் தொடர்ந்து கட்டுவார். எல்லாருக்கும் கிடைத்ததும் சங்கம் கலைந்துவிடும். நம்ம ஊர் சீட்டுதான், ஆனால் வீட்டுக்காக.

இதே யோசனை அமெரிக்காவுக்கும் போனது. 1831-ல் பிலடெல்பியாவை ஒட்டிய பிராங்போர்டில் 'ஆக்ஸ்போர்ட் பிராவிடன்ட்' என்ற சங்கம் தொடங்கப்பட்டது. அதில் முதல் கடன் வாங்கியவர், தெருவிளக்கு ஏற்றும் வேலை பார்த்தவர்.

ஒன்றை மறக்கக் கூடாது. மாதாமாதம் தவறாமல் கட்ட முடிந்தவர்களுக்கே இது உதவியது. பெரும்பாலும் கைத்தொழில் தெரிந்தவர்கள், சிறு வியாபாரிகள். அன்றாடங்காய்ச்சிக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

வீடும் ஓட்டும்

அன்று பிரிட்டனில் சொத்து இருந்தால்தான் ஓட்டு. மாவட்டத் தொகுதிகளில் ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நிலம் வைத்திருக்கும் ஆணுக்கு வாக்குரிமை உண்டு. இதைப் பிடித்துக்கொண்ட சீர்திருத்தவாதிகள் 1840-களின் இறுதியில் நிலச் சங்கங்களை ஆரம்பித்தார்கள். மொத்தமாக நிலம் வாங்கி, மனை பிரித்து உறுப்பினருக்குக் கொடுப்பார்கள். மனை கிடைத்தால் ஓட்டும் கிடைக்கும். 1849-ல் அப்படி உருவான 'நேஷனல்' சங்கம்தான் பிற்காலத்து 'அபே நேஷனல்' நிறுவனத்தின் ஒரு வேர்.

கலைந்துபோகும் சங்கங்களில் ஒரு சிக்கல் இருந்தது. நடுவில் சேருபவர் பழைய பாக்கியை எல்லாம் ஒரேயடியாகக் கட்ட வேண்டும். அதனால் 1840-களில் 'நிரந்தர' சங்கங்கள் வந்தன. யாரும் எப்போதும் சேரலாம், விலகலாம். சேமிப்பவர் வேறு, கடன் வாங்குபவர் வேறு என்று ஆனது. வளர்ச்சிக்கு இது வழி திறந்தது. கூடவே, ஒருவரை ஒருவர் தெரிந்து வைத்திருந்த பழைய காவலும் போனது. 1892-ல் 'லிபரேட்டர்' என்ற பெரிய சங்கம் கவிழ்ந்தபோது ஏராளமான சிறு சேமிப்பாளர்கள் பணத்தை இழந்தார்கள். அதன் பின்னணியில் இருந்த எம்.பி. ஜேபஸ் பால்ஃபர் அர்ஜென்டினாவுக்கே ஓடினார். பிறகு பிடித்து வந்து சிறையில் போட்டார்கள்.

உரிமையாளர்களே விற்ற கதை

அடியைத் தாங்கி, இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டன் வீட்டுக் கடனின் பெரும்பகுதியைக் கொடுத்தது இந்தச் சங்கங்கள்தான். திருப்பம் 1986-ல் வந்தது. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டால் சங்கம் பங்குச் சந்தை நிறுவனமாக மாறலாம் என்று புதிய சட்டம் சொன்னது. மாறிய சங்கங்களின் உறுப்பினர்களுக்கு இலவசப் பங்குகள் கிடைத்தன. யார்தான் வேண்டாம்பார்கள்? 1989-ல் அபே நேஷனல், 1997-ல் ஹாலிஃபாக்ஸ், நார்தர்ன் ராக், 2000-ல் பிராட்போர்ட் அண்ட் பிங்லி என வரிசையாக மாறின. இலவசப் பங்குக்காகவே கணக்கு தொடங்கிய கூட்டமும் இருந்தது.

பல தலைமுறைகள் சேர்த்து வைத்த இருப்பை, அந்த நேரத்தில் உறுப்பினராக இருந்தவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். விளைவு? அப்படி மாறிய சங்கங்களில் ஒன்றுகூட இன்று தனி வங்கியாக இல்லை. வீட்டின் மதிப்பைவிட அதிகமாக, 125 சதவீதம் வரை கடன் கொடுத்த நார்தர்ன் ராக் வாசலில் 2007 செப்டம்பரில் மக்கள் வரிசை கட்டினார்கள். அடுத்த ஆண்டு அரசே அதை எடுத்துக்கொண்டது. சங்கமாகவே இருந்தவை குறைந்தது பாதி நிதியையாவது உறுப்பினர்களின் சேமிப்பிலிருந்து திரட்ட வேண்டும் என்று சட்டம் கட்டுப்படுத்தியது. நார்தர்ன் ராக் அந்தக் கடிவாளத்தைக் கழற்றிவிட்டுச் சந்தைப் பணத்தை நம்பி ஓடியது.

கதை அங்கே முடியவில்லை. நார்தர்ன் ராக்கின் நல்ல பகுதியை விர்ஜின் மணி வாங்கியது. விர்ஜின் மணியை 2024 அக்டோபரில் வாங்கியது யார் தெரியுமா? இன்னும் உறுப்பினர் சங்கமாகவே இருக்கும் 'நேஷன்வைட்'. ஆனால் இவ்வளவு பெரிய முடிவுக்கு உறுப்பினர்களிடம் ஓட்டு கேட்கவில்லை. பேரில் உரிமையாளர், முடிவில் வாடிக்கையாளர்.

நம்ம ஊர் பாடம்

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1872-லேயே 'மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட்' தொடங்கப்பட்டது. உறுப்பினரிடம் மட்டும் டெபாசிட், உறுப்பினருக்கு மட்டும் கடன். இதுதான் நிதி நிறுவனங்களின் அடிப்படை. ஒன்றரை நூற்றாண்டு நம்பிக்கை அதற்கு இருந்தது. 2024-ல் டெபாசிட் பணம் திரும்ப வரவில்லை என்று முதியவர்கள் உட்படப் பலரும் புகார் கொடுக்க, நிர்வாக இயக்குநர் கைதானார். வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடு நிதி நிறுவன டெபாசிட்டுக்குக் கிடையாது.

அப்போ கூட்டுச் சேமிப்பே ஆபத்தா? இல்லை. சம்பளச் சீட்டு இல்லாத டெலிவரி ஊழியரும் தையல்காரரும் இன்றும் வங்கி வாசலில் திரும்பி வருகிறார்கள். அவர்களுக்கு இந்த ஏற்பாடு இப்போதும் தேவை. ஆனால் 250 ஆண்டு வரலாறு சொல்வது இதுதான்: கண்காணிக்கும் உறுப்பினர் இருந்தவரை சங்கம் நின்றது. வட்டியை மட்டும் பார்த்தபோது விழுந்தது.

எனவே நிதியிலோ கூட்டுறவு வீட்டுச் சங்கத்திலோ பணம் போட்டிருந்தால், ஆண்டுப் பொதுக்குழு அழைப்பை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். கணக்கைக் கேளுங்கள், யாருக்குக் கடன் போகிறது என்று கேளுங்கள். அரசும், உறுப்பினர்கள் பணம் போவதற்கு முன்பே தணிக்கையை இறுக்க வேண்டும். போன பிறகு கைது செய்வது சேமிப்பைத் திருப்பித் தராது.