அடுப்பங்கரையும் பழமையும்

1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் இரயில் நிலையம் 2005இல் புதுப்பிக்கப்பட்டபோது மகிழ்ந்தவர்களில் நாமும் உண்டு. நிலையம் பார்த்து வியப்பதற்கும் உரியது. தூண்கள் நிலைத்தாலே பாதி வெற்றி. குடியிருக்கும் வீட்டுக்கு அது போதாது. அங்கே நாள்தோறும் உலை கொதித்தாக வேண்டும்.

வடசென்னையின் பழைய வீடுகளைப் புதுப்பிப்போர் பலர் திண்ணையையும் தேக்குக் கதவையும் மெருகேற்றிவிட்டு, அடுப்பங்கரையைக் கரி படிந்த மூலை என்று இடித்துத் தள்ளுகின்றனர். வேறு சிலர் பாரம்பரியத்தின் பெயரால் ஆத்தங்குடிக் கற்களைப் பதிக்கின்றனர். ஆத்தங்குடிக் கல் செட்டிநாட்டின் பெருமை என்பதில் ஐயமில்லை. துறைமுகத்தை ஒட்டிய வீட்டுக்கு அது இரவல் நகையே.

இவ்வீடுகளின் சொந்த நகை தலைக்கு மேலே இருக்கிறது. 'மெட்ராஸ் டெரஸ்' கூரையில் மர உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களை மூலைவாட்டாக நிறுத்தி, சுண்ணாம்புக் காரையில் பதித்திருப்பார்கள். சுவரிலும் அதே சுண்ணாம்புதான். கடலோர ஈரத்தையும் சமையலின் ஆவியையும் உள்வாங்கி மெல்ல வெளியேற்றும் குணம் அதற்குண்டு. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். உப்புப் பூத்துக் காரை பெயரும். சுவரைக் கொத்திக் குழாயைப் புதைப்பதும் அத்தகையதே. கசிவு கண்ணுக்குத் தெரியும் முன்னரே சுவருக்குள் செருகிய உத்திரத்தின் முனை உளுத்துவிடும். சமையலறையில் செய்யும் பிழைக்குக் கூரை விலை கொடுக்கிறது.

ஆகவே, சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே செப்பனிடுவோம்; குழாய்களைச் சுவரின் வெளிப்புறமாகவே கொண்டு செல்வோம்; புகைபோக்கியையும் உயரத்துச் சாளரத்தையும் அடைக்காமல் காற்றுக்கு விடுவோம். புது மின்விசிறிக்குச் சுவரைத் துளைக்கும் முன் பழைய திறப்பு பயன்படுமா என்று பார்ப்போம்.

ஆனால் பழமை முழுவதையும் காக்க வேண்டுமா? தரையோடு அமைந்த அடுப்பும் குனிந்து அரைத்த அம்மியும் நம் தாய்மாரின் முதுகெலும்பைக் கூலியாகப் பெற்றவை. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் குடியிருப்புகளுக்குச் சமையலறை வகுத்தபோது, வேலை செய்பவர் நடக்கும் தூரத்தையும் நேரத்தையும் கணக்கிட்டே வகுத்தார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்தும், நம் பாரம்பரிய ஆர்வலர்களின் உரையாடலில் சமைப்பவரின் உடல் அரிதாகவே இடம்பெறுகிறது. பழைய அடுப்பங்கரையை நினைந்து உருகுவோரில் எத்தனை பேர் அங்கே ஊதுகுழல் பிடித்தவர்கள்?

அம்மி ஒரு மூலையில் இருக்கட்டும், விரும்பியவர் அரைக்கட்டும். மேடையின் உயரத்தைச் சமைப்பவரின் இடுப்பை அளந்து முடிவு செய்வோம். கழுவுதொட்டியை வெளிச்சம் விழும் இடத்தில் வைப்போம். கொத்தனாரை அழைக்கும் முன் அவ்வீட்டில் சமைப்பவரைக் கேட்போம். சமைப்பவர் பெண்ணாக மட்டுமே இருக்க வேண்டும் என்ற பழமையையும் அந்தக் கரியோடு சேர்த்துத் துடைத்துவிடலாம்.