ஜெபத்தால் வியாதி தீருமா?

வியாதி எவ்வளவு கடினமானதாயிருந்தாலும், மனப்பூர்வமாய்க் கர்த்தரிடம் ஜெபித்தால் சொஸ்தமாகிவிடும் என்று கிறிஸ்தவப் பிரசாரகர்கள் நெடுநாளாய்ச் சொல்லி வருகிறார்கள். வியாதியஸ்தனுக்குச் சபை மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபித்தால் அவன் பிழைப்பான் என்ற கருத்து யாக்கோபின் நிருபம் 5-வது அதிகாரத்தில் இருப்பதை இதற்கு ஆதாரமாகவும் காட்டுகிறார்கள். துக்கப்படுகிற மனிதன் எதையாவது சொல்லி அழுது ஆறுதல் அடைவதில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. ஆனால் அந்த ஜெபம் மருந்தின் ஸ்தானத்தில் வந்து உட்காருமானால், அப்பொழுது நாம் வாய் திறக்காமலிருக்க முடியாது.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் 2008-ம் வருஷம் நடந்த ஒரு சங்கதியைப் பாருங்கள். 11 வயதுப் பெண் குழந்தைக்கு நீரிழிவு நோய் கண்டது. குழந்தை நாளுக்கு நாள் இளைத்து, கடைசியில் நடக்கவும் பேசவும் சக்தியற்றுப் படுத்துவிட்டது. பெற்றோர் டாக்டரை அழைக்கவில்லை. ஜெபம் மாத்திரம் செய்தார்கள். டாக்டரிடம் போனால் கடவுளுக்கு முன்பாக டாக்டரை வைத்ததாகிவிடும் என்பது தகப்பனாரின் எண்ணம். அதைக் கோர்ட்டிலும் அவர் சொன்னார். கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாளென்று உலகமெல்லாம் கொண்டாடுகிற ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையில் அந்தக் குழந்தை செத்துப்போயிற்று.

அந்த நோய்க்கு மருந்து இல்லையா? இருந்தது. 1921-ல் கனடாவில் டொரொண்டோ நகரத்தில் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த 14 வயதுப் பையனுக்கு அதைக் குத்தி, அவனைப் பிழைக்கவும் வைத்தார்கள். 86 வருஷத்துக்கு முன்னமேயே வந்துவிட்ட மருந்து, ஆஸ்பத்திரியில் இருக்க, ஒரு குழந்தை அது இல்லாமல் செத்தது.

இப்போது நாம் கேட்பது ஒன்றுதான். அந்தத் தாய் தகப்பன்மாரின் ஜெபம் மனப்பூர்வமானதா, இல்லையா? பெற்ற பிள்ளை கண்ணெதிரில் சாகும்போது செய்த ஜெபம் மனப்பூர்வமானதல்லவென்றால், இந்த உலகத்தில் வேறு எந்த ஜெபம் மனப்பூர்வமானது? அது மனப்பூர்வமானதுதான் என்றால், சொன்ன பலன் எங்கே?

"மனப்பூர்வமாய்" என்ற ஒரு வார்த்தையில்தான் சூழ்ச்சியெல்லாம் இருக்கிறது. நோய் தீர்ந்தால் கர்த்தரின் மகிமை. தீராவிட்டால் உன் விசுவாசம் போதாது. ஒரு வைத்தியன் நமக்கு மருந்து கொடுத்து, "குணமானால் என் மருந்தின் சக்தி, குணமாகாவிட்டால் நீ நம்பாமல் விழுங்கினாய்" என்று சொன்னால், அவனுக்கு நாம் காசு கொடுப்போமா? ஜெபம் செய்தும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, பிள்ளை போன துக்கத்தோடு, தன் மனசின் குறையால்தான் பிள்ளை போயிற்று என்ற பழியையும் சுமத்துவது எவ்வளவு பெரிய கொடுமை!

ஜெபத்தைச் சோதித்துப் பார்க்காமலும் இல்லை. அமெரிக்காவில் இருதய ரண சிகிச்சை செய்துகொண்ட ஏறக்குறைய 1,800 பேரை மூன்று பங்காக்கிப் பரீட்சை செய்து, அதன் முடிவை 2006-ல் வெளியிட்டார்கள். தமக்காக ஜெபம் நடக்கிறதா இல்லையா என்று தெரியாமலே கிறிஸ்தவ ஜெபக் கூட்டத்தாரின் ஜெபத்தைப் பெற்றவர்களில் 100-க்கு 52 பேருக்கும், அப்படித் தெரியாமலே ஜெபம் பெறாதவர்களில் 100-க்கு 51 பேருக்கும் சிகிச்சைக்குப்பின் ஏதோவொரு கோளாறு ஏற்பட்டது. தமக்காக ஜெபம் நடக்கிறதென்று நிச்சயமாய்த் தெரிந்தவர்களிலோ 100-க்கு 59 பேருக்கு ஏற்பட்டது! ஜெபம் கெடுதல் செய்யுமென்று நாம் இதைக்கொண்டு சொல்ல வரவில்லை. நன்மை செய்ததாகக் காணோம் என்று மாத்திரம் சொல்லுகிறோம்.

மருந்தை விலக்கியதால் வந்த கெடுதிக்கோ கணக்கு இருக்கிறது. 1975 முதல் 1995 வரை அமெரிக்காவில் மத நம்பிக்கையால் வைத்தியம் மறுக்கப்பட்டுச் செத்த 172 குழந்தைகளின் விபரத்தை இரண்டு பேர் ஆராய்ந்து 1998-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 140 குழந்தைகளுக்கு வந்த நோய்கள், வைத்தியம் செய்தால் 100-க்கு 90 பேருக்குமேல் பிழைக்கக் கூடியவை.

கிறிஸ்தவர்கள் எல்லோரும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. நமது வேலூரிலேயே, ஐடா ஸ்கடர் என்ற மிஷனரி அம்மையார் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த வைத்தியசாலை இன்று பெரிய ஆஸ்பத்திரியாய் நிற்கிறது. அந்த அம்மையாரும் ஜெபித்தவர்தான். ஆனால் ஜெபம் போதுமென்று நினைத்திருந்தால் கட்டில் எதற்கு, கத்தி எதற்கு, பெண்களுக்கு வைத்தியப் படிப்பு எதற்கு? ஏசு குஷ்டரோகியைத் தொட்டுச் சொஸ்தமாக்கினார் என்று 1,900 வருஷம் படித்தும் ஜெபித்தும் குஷ்டம் உலகத்தை விட்டுப் போகவில்லை. 1873-ல் நார்வே தேசத்து ஹான்சன் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். 1940-களில் மருந்து வந்தது. 1981-ல் உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டு மருந்து முறையைச் சிபாரிசு செய்தது. அதன் பிறகே ரோகிகள் லட்சக்கணக்காய்க் குணமானார்கள். ஜெபிக்கச் சொல்லுகிற பாதிரிமாரும் பார்வை மங்கினால் மூக்குக் கண்ணாடிதானே போட்டுக்கொள்ளுகிறார்கள்!

விபூதி, வேப்பிலை, தாயத்து ஆகியவைகளை நம்பிப் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறவர்களுக்கும் நாம் சொல்லுவது இதேதான்.

வயது வந்தவன் தன் உடம்புக்கு மருந்து வேண்டாமென்றால் அது அவன் இஷ்டம். ஆனால் குழந்தை எந்த மதத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. பெற்றோரின் விசுவாசத்துக்கு அதன் உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் பாத்தியதையில்லை. மேற்படி வழக்கில் பெற்றோர் 2009-ல் தண்டிக்கப்பட்டதும், அதை 2013-ல் அந்த மாகாணத்தின் உச்ச நீதிமன்றம் ஊர்ஜிதம் செய்ததும் நியாயமே என்பது நமது அபிப்பிராயம்.

ஆகவே, தாய்மார்களே, தகப்பன்மார்களே! குழந்தைக்கு நோய் கண்டால் முதலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஜெபம் செய்துதான் தீரவேண்டுமென்று மனசு கேட்டால், டாக்டர் கையில் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.